மிளகாய் எரிச்சல்: கையைத் தணிப்பதற்கும் காப்பதற்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒரு பங்குனி மாதக் காலையில், மேலூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, மோர் மிளகாய் போடுவதற்காக இரண்டு கிலோ பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகக் கீறி முடித்தேன். எனக்கு அப்போது வயது 22. கையுறை என்பது ஆஸ்பத்திரிக்கு உரிய பொருள் என்று நினைத்திருந்த காலம் அது. கீறிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் கையில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. மிளகாயைத் தயிரில் ஊறப் போட்டுவிட்டு, கை கழுவி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகக் காந்தத் தொடங்கின. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இரண்டு கைகளும் திகுதிகுவென எரிந்தன. வாளித் தண்ணீரில் கையை விட்டால் எரிச்சல் நிற்கும். வெளியே எடுத்த அரை நிமிடத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பும். இரவு பதினொரு மணி வரை வாளியை விட்டு நகராமல் இருந்த என்னைப் பார்த்துவிட்டு அப்பத்தா சொன்னார்: "ஏத்தா, எண்ணெய்ப் பிசுக்குல தண்ணிய ஊத்தினா போகுமா? சட்டியே வெளுக்காது, கை வெளுக்குமா? நல்லெண்ணெயத் தேச்சு, சவக்காரம் போட்டுக் கழுவு."

அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் வேதியியல் சரியாக இருந்தது. மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும் பொருள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், எரிகிற கைக்கு என்ன செய்ய வேண்டும், அடுத்த முறை எரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும். இப்போதே கை எரிந்துகொண்டிருக்கும் நிலையில் இதைப் படிப்பவர்கள், அடுத்த பகுதியை விட்டுவிட்டு, அதற்குப் பின்வரும் "எரிகிற கைக்கு உடனே செய்ய வேண்டியவை" என்ற பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

எரிவது ஏன்

காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் காப்சைசின். அது மிளகாயின் விதையில் இருப்பதாகவே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அது உருவாவதும் மிகுதியாகத் தங்குவதும் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான உள் நரம்பில்தான். அதை ஒட்டி இருப்பதால் விதைக்கும் காரம் ஏறுகிறது. முழு மிளகாயைக் கூடை கூடையாக அள்ளினாலும் எரியாத கை, நான்கு மிளகாயைக் கீறினால் எரிவதற்குக் காரணம் இதுவே. கத்தியின் முனை அந்த நரம்பைக் கிழித்துக்கொண்டு போகும்போது வெளிவரும் சாறு, விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் இறங்கிவிடுகிறது.

காப்சைசின் உண்மையில் தோலைச் சுடுவதில்லை. நம் நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்றே டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொண்டு, மூளைக்கு "சுடுகிறது" என்று செய்தி அனுப்பும். காப்சைசின் இந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாதபோதும் அதே செய்தி போகும். அதோடு, அது விழித்துக்கொள்வதற்குத் தேவையான வெப்ப அளவும் குறைந்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டதே காப்சைசினைக் கருவியாக வைத்துத்தான். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் இதே புரதம் காப்சைசினைப் பொருட்படுத்தாத வடிவத்தில் அமைந்திருப்பதால், மீனாட்சியம்மன் கையில் இருக்கும் கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்றாலும் கண் கலங்காது. அந்த வரம் நமக்கு இல்லை.

இதிலிருந்து நமக்கு வேண்டிய மூன்று செய்திகள் கிடைக்கின்றன. காப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். சூடு படப்பட எரிச்சல் கூடும். மதுரையின் சித்திரை வெயிலில், உடம்பின் சூட்டையும் காற்றின் சூட்டையுமே தோல் தீயாக உணரும். மேலும், விரல் தோல் தடிமனானது என்பதால் காரம் அதற்குள் இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து எரிச்சல் தொடங்குவது இதனால்தான். "அப்போதே எரியவில்லையே" என்பதை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு.

எரிகிற கைக்கு உடனே செய்ய வேண்டியவை

முதலில், கையை எங்கும் கொண்டுபோகாமல் நிறுத்துங்கள். முகத்தைத் துடைப்பது, குழந்தையைத் தூக்குவது, கைபேசியை எடுப்பது எல்லாம் பிறகு இருக்கட்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மோதிரத்துக்கு அடியில் தங்கும் சாறு, மற்ற இடங்கள் தணிந்த பிறகும் வட்டமாக எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் எண்ணெய்ப் புட்டியைத் திறப்பதையும் குழாயைத் திருகுவதையும் அவரிடம் விட்டுவிடுங்கள். பிறகு, காய்ந்த பழைய துணியாலோ காகிதத்தாலோ கையை ஒற்றி எடுங்கள். கையில் இருப்பது மிளகாய்ப்பொடி என்றால் இது இன்னும் முக்கியம். பொடி மேல் தண்ணீர் பட்டால் குழைந்து தோலில் அப்பிக்கொள்ளும். காய்ந்த நிலையில் தட்டிவிட்டால் பாதிக்கு மேல் போய்விடும்.

இரண்டாவது படி எண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி அளவு எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மணிக்கட்டு வரை, விரல் இடுக்குகள், நகக்கண்கள், நகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நெய், வெண்ணெய் எதுவாயினும் வேலை செய்யும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பதில் மலிவானது எதுவோ அது போதும். எண்ணெய் கட்டாயம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். காய்ச்சிய எண்ணெய் ஆறிவிட்டது என்று நினைத்து ஊற்றிக்கொண்டால் உண்மையான தீப்புண்ணே வந்துவிடும்.

தேய்த்து முடித்தவுடன் எண்ணெயை வேறொரு துணியால் முழுவதுமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். தோலில் இருந்த காரம் இப்போது எண்ணெயில் கரைந்திருக்கிறது. அந்த எண்ணெயைக் கையிலேயே விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தால், விரல் நுனியில் மட்டும் இருந்த காரத்தை முழங்கை வரைக்கும் நாமே பூசியதாக ஆகிவிடும்.

மூன்றாவது, சோப்பு. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே தயாரித்த பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, முகத்துக்குப் போடும் மணச் சோப்பைவிட இதற்கு ஏற்றது. தண்ணீர் தொடாமல் முதலில் சோப்பைக் கையில் ஊற்றி நன்றாகத் தேய்த்து, பிறகு தண்ணீர் விட்டு நுரை வரச் செய்து, கழுவி விடுங்கள். நகத்தின் அடியில் மென்மையான பழைய பல் தூரிகையால் தேய்க்கலாம். கம்பி நார், தேங்காய் நார், செங்கல் பொடி எதுவும் கூடாது. தோல் சிராய்ந்தால் மிச்சமிருக்கும் காரத்துக்கு நாமே வாசலைத் திறந்துவிட்டதாகும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பங்குனியிலிருந்து வைகாசி வரை, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பகல் நேரத்தில் குழாயில் வரும் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர் அல்ல; சில நாள்களில் கையையே வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தத் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் உடனே இரண்டு மடங்காகும். எனவே அடுக்களையில் இருக்கும் மண்பானைத் தண்ணீரையோ, நிழலில் வைத்த குடத்துத் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய், துடைத்தல், சோப்பு, கழுவுதல் என்ற இந்தச் சுற்றை மூன்று முறை செய்யுங்கள். ஒரு முறையில் போதும் என்று தோன்றினாலும் மூன்று முறை செய்வது நல்லது. எண்ணெய்க்குப் பதிலாக, காயமில்லாத தோலில் ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானையும் பயன்படுத்தலாம். அது உலர்வதற்கு முன்பே துணியால் துடைத்துவிட வேண்டும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் அடுக்களையில் அதைத் திறக்கவே கூடாது. எனக்கு எண்ணெயே போதுமானதாக இருக்கிறது.

கழுவிய பிறகும் எரிந்தால்

காரம் ஏற்கெனவே தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தால், எவ்வளவு கழுவினாலும் எரிச்சல் உடனே முழுதாக நிற்காது. இனி செய்யக்கூடியது, கையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதும் நேரத்தைக் கடத்துவதும்தான். குளிர்ந்த கெட்டித் தயிரைக் கையில் அப்பிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவலாம். ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, பத்து நிமிடம் வைப்பதும் பத்து நிமிடம் எடுப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்யலாம். வெறும் ஐஸை நேரடியாக நெடுநேரம் அழுத்தினால் தோல் குளிரால் புண்ணாகும். தண்ணீர் உடனடி ஆறுதல் தரும், ஆனால் நிலைக்காது. எண்ணெய் மெதுவாகத்தான் ஆறுதல் தரும், ஆனால் நீடிக்கும். ஆகவே எரிச்சல் கடுமையாக இருக்கும்போது, அகலமான கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விரல்களை அதில் மூழ்க வைத்துவிட்டு, முடிவில் சோப்புப் போட்டுக் கழுவுவது, வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு இரவைக் கழிப்பதைவிடப் பலன் தரும். எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தால் இன்னும் இதமாக இருக்கும்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த வெள்ளைத் திரவ மருந்தைக் கையில் பூசுவதும் மருத்துவர்கள் சில சமயம் சொல்லும் வழியாகும். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பூசிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. சோற்றுக் கற்றாழையின் சதை, காரத்தை அகற்றாவிட்டாலும் குளிர்ச்சி தருவதால் கழுவி முடித்த பிறகு பூசிக்கொள்ள நன்றாகவே இருக்கும்.

அன்று இரவு போர்வைக்குள் கையை வைக்காதீர்கள், வெந்நீரில் குளிக்காதீர்கள், மின்விசிறிக் காற்றில் கை படும்படி படுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எரிச்சல் அடங்கும். நிறைய மிளகாய் கீறியிருந்தால் மறுநாள் வரைக்கும் விட்டு விட்டுக் காந்தும். மறுநாள் காலை வெந்நீர் பட்டவுடன் திரும்ப எரிந்தால் புதிதாக ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பழைய காரம்தான் சூடு பட்டு மறுபடி விழித்துக்கொள்கிறது. மிளகாய் கையாண்டதால் வரும் இந்த நிலைக்கு, காரச் சமையலுக்குப் பெயர்போன சீன மாகாணம் ஒன்றின் பெயரால் "ஹுனான் கை" என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். மதுரைக் கை என்று வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.

செய்யக் கூடாதவை

எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் காரத்தை முறிக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. அவற்றால் காப்சைசின் கரைவதில்லை. கத்தி பட்ட சிறு கீறல் இருந்தால் புளிப்பும் சேர்ந்து எரியும், அவ்வளவே. சுண்ணாம்பு தடவுவது ஆபத்து, அது தானே தோலை அரிக்கும் பொருள். பற்பசையின் குளிர்ச்சி ஐந்து நிமிடம் நிற்கும், பிறகு தோலை வறளச் செய்யும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கையை முக்கச் சொல்லும் ஆலோசனையையும் கேட்டிருக்கிறேன். கழிவறையைச் சுத்தம் செய்வதற்கு உரிய பொருளைக் கையில் ஊற்றிக்கொள்ள வேண்டிய அளவுக்கு நிலைமை ஒருபோதும் மோசமாவதில்லை. அதில் வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்துவிட்டால் எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

கண், வாய், குழந்தை

கண்ணில் பட்டால் எண்ணெய் விதி பொருந்தாது. தேய்க்காமல், கண் வில்லை அணிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிய கையாலோ வேறொருவர் உதவியாலோ அதைக் கழற்றிவிட்டு, சுத்தமான குடிநீரைச் செம்பில் எடுத்து, தலையைச் சாய்த்து, மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி பதினைந்து நிமிடமாவது ஊற்றிக் கழுவ வேண்டும். ஒரு கண்ணைக் கழுவும்போது அந்தத் தண்ணீர் மறு கண்ணில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் இன்னமும் தாய்ப்பால் பீய்ச்சுவதையும் விளக்கெண்ணெய் விடுவதையும் பார்க்கிறோம். இரண்டும் கண்ணில் கிருமி சேர வழி செய்யும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டியவை. கழுவிய பிறகும் பார்வை மங்கலாக இருந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாவிட்டாலோ, ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரிலேயே இருக்கும்போது மதுரைக்காரர்கள் இதில் நாள் கடத்துவதற்குக் காரணமே இல்லை.

வாய் எரிந்தால் பாலோ தயிரோ கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கலாம். பாலில் உள்ள கேசின் என்ற புரதமும் கொழுப்பும் காரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதை வாய் முழுவதும் பரப்பும்.

குழந்தைகள் விஷயத்தில், தடுப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. பாலூட்டும் தாய்மார்கள் மிளகாய் வேலையை அந்த மாதங்களில் வேறு யாரிடமாவது விட்டுவிடுவதே நல்லது. குழந்தையின் தோலில் பட்டுவிட்டால் தேங்காய் எண்ணெயால் துடைத்து, குழந்தைச் சோப்பால் கழுவி, கைகளை வாய்க்கும் கண்ணுக்கும் கொண்டுபோகாதபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வந்தாலும், கை வீங்கினாலும், 24 மணி நேரத்துக்கு மேல் எரிச்சல் குறையாமல் இருந்தாலும், காயத்துக்குள் காரம் போயிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் விரல்கள் மரத்துப்போனவர்களுக்கு எரிச்சலும் தெரியாது, ஐஸின் கடுமையும் தெரியாது. அவர்கள் வீட்டு வைத்தியத்தை நீட்டிக்கக் கூடாது. நெடியால் மூச்சிழுப்பு வந்து, காற்றோட்டமான இடத்துக்கு வந்த பிறகும் அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டியதுதான்.

வராமல் தடுப்பது

கையுறை வாங்குவதென்றால் மருந்துக் கடையில் "நைட்ரைல்" என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். வெளிர் மஞ்சள் நிற லேடெக்ஸ் கையுறை எண்ணெய் பட்டால் நைந்துபோகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதன்மேல் லேடெக்ஸ் போட்டால் இரண்டு பாதுகாப்பும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தலைமுடிச் சாயத்தோடு இலவசமாக வரும் மெல்லிய பாலித்தீன் உறை இல்லாததற்குப் பரவாயில்லை என்ற அளவுதான். வழுக்கும், கத்தி முனையில் கிழியும். கிழிந்தது தெரியாமல் அரை மணி நேரம் வேலை செய்தால், உறைக்குள் வியர்வையும் காரமும் சேர்ந்து ஊறி, வெறுங்கையைவிட மோசமாகிவிடும்.

கையுறை இல்லாத நாளில் அப்பத்தாவின் முறைதான். வேலையைத் தொடங்கும் முன்பே கை முழுவதும் எண்ணெய் தடவி, நகக்கண்ணில் கூடுதலாக அழுத்தி வைப்பார். வெளியிலிருந்து வரும் காரம் அந்த எண்ணெயிலேயே தங்கி, தோலுக்குள் இறங்குவது குறையும். அரை மணிக்கு ஒரு முறை துடைத்துவிட்டுப் புது எண்ணெய் தடவ வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குளித்து முடித்த கையோடு மிளகாயில் உட்காருவதும் தவறு. ஊறி மென்மையான தோல் காரத்தை வேகமாக உறிஞ்சும்.

அதைவிட நல்ல வழி, விரல் மிளகாயின் உட்புறத்தைத் தொடாமலேயே வேலையை முடிப்பது. மோர் மிளகாய்க்கு மிளகாயை நீளக் கீற வேண்டிய கட்டாயமே இல்லை. காம்பைக் கிள்ளாமல் அதைப் பிடித்துக்கொண்டு, முள்கரண்டியாலோ தடித்த ஊசியாலோ நான்கு இடத்தில் குத்திவிட்டால், உப்பும் மோரும் உள்ளே போவதற்கு அதுவே போதும். என் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். சுவையில் யாரும் வேறுபாடு கண்டுபிடித்ததில்லை. குழம்புக்கும் சட்னிக்கும் பச்சை மிளகாய் நறுக்குவதற்குக் கத்தரிக்கோல் போல எளிதானது வேறில்லை. காம்பைப் பிடித்து, சட்டிக்கு மேலேயே கத்தரித்துவிடலாம். பஜ்ஜி மிளகாயின் நடுநரம்பை எடுப்பதற்கு விரலுக்குப் பதிலாகத் தேக்கரண்டியின் காம்பு உதவும். ஊசி மிளகாய், காந்தாரி போன்றவற்றை எக்காரணம் கொண்டும் வெறுங்கையால் நசுக்க வேண்டாம்.

வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் வியர்க்கும். வியர்த்தால் நெற்றிக்குக் கை தானாகப் போகும். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தோளில் ஒற்றிப் பழகுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைச் சரிசெய்வதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும், வேறு வழி இல்லை.

வத்தலும் பொடியும்

பச்சை மிளகாயில் சாறு எதிரி; வத்தலில் தூசி எதிரி. கீழமாசி வீதியிலிருந்து வாங்கி வரும் வத்தலை, அது நீளச் சம்பாவாக இருந்தாலும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டுவாக இருந்தாலும், வெயிலில் மொறமொறவென்று காய்ந்த நிலையிலேயே காம்பு ஆய்ந்தால், உடைந்த தோலும் விதையும் தூசியாகப் பறந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறும். முதல் நாள் மாலையிலேயே, வத்தல் சற்றுப் பதமாக இருக்கும்போது காம்பை ஆய்ந்துவிட்டு, மறுநாள் காய வைத்து அரைக்கக் கொண்டுபோவதுதான் சரியான வரிசை. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மூக்கிலும் வாயிலும் ஈரத் துணி கட்டிக்கொள்ளலாம். தலைமுடியையும் மூடிக்கொள்ளாவிட்டால், இரவில் தலையணையிலிருந்து காரம் கண்ணுக்கு வரும்.

மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் கொட்டிக் கையால் பரப்பி ஆறவைப்பது நம் வழக்கம். சூடும் காரமும் ஒருசேரத் தோலில் இறங்குவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. நீளக் கரண்டியால் பரப்புங்கள்; மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வத்தல் வறுக்கும்போது சட்டியில் கல்லுப்புப் போட்டால் நெடி அடங்கும் என்பார்கள். என் அனுபவத்தில், தீயைக் குறைத்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வறுப்பதும் சன்னலைத் திறந்து வைப்பதும்தான் உதவுகின்றன. திருஷ்டி கழிக்க வத்தலை நெருப்பில் போடும் வீடுகளில், "நெடியே வரலை பாரு, அம்புட்டுக் கண்ணு" என்று சொல்லிக்கொள்வோம். அதை வாசல் தெளித்த திறந்தவெளியில் போடுவதுதான் வழக்கம் என்பதையும், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் அறைக்குள் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மதுரைக்குத் தெற்கே, வத்தல் மூட்டைகளை இறக்கிக் காம்பு ஆயும் கிட்டங்கிகளில் நாள் முழுவதும் வெறுங்கையால் வேலை செய்பவர்களிடம் கேட்டால், "எங்களுக்குப் பழகிப்போச்சு, எரியாது" என்பார்கள். அது உண்மைதான், காப்சைசின் திரும்பத் திரும்பப் படும்போது நரம்பு முனைகள் உணர்விழந்து போகின்றன, இந்தத் தன்மையை வைத்தே நரம்பு வலிக்குக் காப்சைசின் களிம்பும் தயாரிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கைக்கு எரியவில்லை என்பதால் அந்தக் கையில் காரம் இல்லை என்று ஆகிவிடாது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டவுடன் பிள்ளை அலறுகிறது. வேலை முடிகிற இடத்திலேயே ஒரு கிண்ணம் எண்ணெயும், சோப்பும், கை கழுவ ஒரு குழாயும் வைப்பதற்கு முதலாளிக்கு அப்படியொன்றும் செலவாகிவிடாது.

வேலை முடிந்த பிறகு

கையுறையைக் கழற்றும் முன், அதைப் போட்டபடியே கத்தி, பலகை, அரிவாள்மனை, கரண்டி ஆகியவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மரப்பலகை எண்ணெயை உறிஞ்சும் என்பதால், மிளகாய்க்கென்று தனியாக ஒரு பலகை வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த நாள் அதில் நறுக்கும் கொய்யாப்பழத்துக்கும் காரம் வரும். குழாய்த் திருகு, எண்ணெய்ப் புட்டியின் மூடி, கதவின் தாழ்ப்பாள், கைபேசியின் திரை என்று கை பட்ட இடங்களைச் சோப்புத் துணியால் துடையுங்கள். பிறகு கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றுங்கள். கையுறை போட்டிருந்தாலும் ஒரு முறை எண்ணெய், ஒரு முறை சோப்பு என்று கையைக் கழுவாமல் விட வேண்டாம். கழிவறைக்குப் போய்வந்த பிறகு கை கழுவுவது எல்லோரும் அறிந்தது. மிளகாய் வேலை செய்த அன்றைக்கு, போவதற்கு முன்பே கழுவ வேண்டும். இதை அனுபவத்தால் கற்றுக்கொண்டவர்கள் வெளியே சொல்வதில்லை.

கை சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. கழுவித் துடைத்துப் பத்து நிமிடம் கழித்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியாகக் கீழுதட்டின் உட்பக்கத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். எந்த விரலுக்கு உதடு சுருக்கென்று காட்டிக்கொடுக்கிறதோ, அந்த விரலை நகக்கண்ணோடு சேர்த்து இன்னொரு முறை எண்ணெயில் தேய்க்க வேண்டும். மூன்றாவது முறையிலும் பிடிபடுவது பெரும்பாலும் கத்திக்கு எதிரே மிளகாயைப் பிடித்திருந்த இடது கைக் கட்டைவிரல்தான்.

போட்டிருந்த உடையைத் தனியாக ஊறவைத்துத் துவைத்துக்கொள்ளலாம். காரம் துடைத்த எண்ணெய்த் துணியைக் குப்பையோடு கட்டிப் போட்டுவிடுங்கள். அதை அடுப்பிலோ தெருமுனையில் குப்பை எரிக்கும் இடத்திலோ போட்டால், உங்கள் கையிலிருந்து போன காரம் புகையாகி வந்து தெருவையே இருமவைக்கும்.